அழுக்குத் துணி மூட்டையில் பிழைத்த அரசு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், செஞ்சியின் குன்றுகளைக் கண்டு வியவாதார் இலர். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில்கள் நூற்றாண்டுகள் பலவற்றின் வெயிலையும் மழையையும் தாங்கி இன்றும் நிற்கின்றன. 2025 ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் போர் அரண்கள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிக்கோட்டைதான். தமிழ் மண்ணுக்கு இது பெருமையே.

பெருமையோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. இக்கோட்டையைக் காண வருவோர்க்கு நாம் சொல்லப்போகும் வரலாறு எது? இதுவரை சொல்லி வந்தது பெரும்பாலும் முற்றுகைகளின் பட்டியலே. நாயக்கர் ஆண்டனர், 1648இன் இறுதியில் பிஜப்பூர்ப் படை கைப்பற்றியது, 1677இல் சிவாஜி கொண்டார், 1698இல் மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் வென்றார், 1714இல் தேசிங்கு வீழ்ந்தான், 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். ஆண்டுகளும் பெயர்களும் சரிதான். ஆயினும் இப்பட்டியலில் அரசரும் தளபதியரும் தவிர வேறு மனிதரே இல்லை.

மக்களின் நினைவு இதனினும் சற்றுப் பரந்தது. தேசிங்குராஜன் கதைப்பாடல் அவன் தோழனாகிய முகமதியனையும் நமக்குக் காட்டுகிறது. அவன் ஏறிச்சென்ற குதிரையின் பெயர் பாராசாரி என்பதையும் சொல்லித் தருகிறது. குதிரைக்குப் பெயர் சொன்ன நாட்டார் மரபு, அந்தக் குதிரைக்குப் புல் அறுத்தவனின் பெயரைச் சொல்லவில்லை. கற்றோர் எழுதிய போர் வரலாறோ அவன் இருந்தான் என்பதையே சொல்லவில்லை.

போர் வரலாறு எழுதுவோர் விட்டுவிடும் பொருள்கள் யாவை? அவற்றை விடுவதால் நேரும் இழப்பு என்ன? செஞ்சியும் பங்குகொண்ட ஓர் உள்நாட்டுப் போரைச் சான்றாகக் கொண்டு இக்கேள்விகளை ஆராய்வோம்.

ஒரு குடும்பச் சண்டை

விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி 1614 அக்டோபரில் இறந்தார். தம் உடன்பிறந்தார் மகனாகிய ஸ்ரீரங்கனை அவர் வாரிசாக அறிவித்திருந்தார். அரசியரில் ஒருத்தியின் தமையனாகிய ஜக்கராயன் அதனை ஏற்கவில்லை. அவ்வரசி தன் மகன் என்று வளர்த்த சிறுவனுக்கே பட்டம் உரியது என்று கூறி, புதிய அரசனைக் குடும்பத்தோடு சிறையிட்டான். அச்சிறுவன் அரசியின் வயிற்றில் பிறந்தவனே அல்லன் என்பது அந்நாளைய பேச்சு. அரசனின் பக்கம் உறுதியாக நின்றவர் வெலுகோட்டி யாச்சம நாயக்கர்.

சிறையிலிருந்த அரசனும் அவன் மனைவி மக்களும் இறுதியில் உயிரிழந்தனர். எஞ்சியவன் பன்னிரண்டு வயதளவான இராமதேவன் ஒருவனே. அவனை முன்னிறுத்தி யாச்சமரும் தஞ்சை இரகுநாத நாயக்கரும் ஒரு புறம் நின்றனர். ஜக்கராயனும் மதுரை நாயக்கரும் செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கரும் மறுபுறம் நின்றனர். 1616இன் இறுதியில், திருச்சிராப்பள்ளிக்கும் கல்லணைக்கும் இடையே காவிரியின் வடகரையில் உள்ள தோப்பூரில் இருதரப்பும் மோதின. ஜக்கராயன் களத்தில் மாண்டான். செஞ்சி நாயக்கர் செஞ்சி ஒன்று நீங்கலாகத் தம் கோட்டைகளை இழந்தார். 1617இல் இராமதேவன் அரியணை ஏறினான்.

ஒரே பேரரசின் குடைக்கீழ் இருந்தோர் தம்முள் மோதிய போர் இது. தஞ்சைப் படையிலும் செஞ்சிப் படையிலும் உறவினர் எதிரெதிரே நின்றிருத்தல் கூடும். உள்நாட்டுப் போர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சான்றைத் தமிழக வரலாற்றில் காண்பது அரிது.

இப்போரைப் பற்றி நாம் அறிவதற்கு ஒரு முதன்மையான வாயில், இயேசு சபைக் குரு மனுவேல் பர்ராதாஸ் 1616 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய மடல். லிஸ்பன் நகரின் ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் கிடந்த அம்மடலை, இராபர்ட் சுவெல் என்னும் ஆங்கிலேயர் 1900இல் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் மொழிபெயர்த்துச் சேர்த்தார்.

பெயர் இல்லாத ஒருவர்

அம்மடலில் ஒரு செய்தி வருகிறது. சிறைக்காவலைத் தாண்டி எவரும் உள்ளே செல்ல இயலாத நிலையில், துணி வெளுக்கும் வண்ணார் ஒருவர் மட்டும் போய்வர முடிந்தது. யாச்சமர் அவருடைய உதவியை நாடினார். அவர் அரசனின் நடு மகனை அழுக்குத் துணிகளுக்கிடையே மறைத்து வெளியே கொண்டுவந்தார். அந்தச் சிறுவனே பின்னாளில் பேரரசனான இராமதேவன்.

இதனைச் சுவையான துணைக்கதை என்று கடந்துபோவது எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள். அச்சிறுவன் சிறையிலேயே மடிந்திருப்பின், யாச்சமர் எவனுக்காகப் படை திரட்டியிருப்பார்? தஞ்சை நாயக்கர் எவன் பெயரால் களம் புகுந்திருப்பார்? தோப்பூரில் போரிட ஒரு தரப்பே இருந்திராது. ஆகவே அந்தப் போரின் போக்கை முடிவு செய்தவர்களுள் அவ்வண்ணாரும் ஒருவர். பிடிபட்டிருந்தால் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

வாள் ஏந்திய தளபதியரின் பெயர்களைக் குறித்த பர்ராதாஸ் அடிகளின் மடல், அவர் பெயரைக் குறிக்கவில்லை. நம்மவர் ஆவணங்களும் அவருக்குக் கல்லில் ஓர் எழுத்தும் வெட்டவில்லை. படையோடு சென்ற கொல்லர், தச்சர், சக்கிலியர், சமையற்காரர், பல்லக்குத் தூக்கிகள், யானைப்பாகர், காயத்துக்கு மருந்திட்டோர் ஆகிய அனைவர்க்கும் இதே கதிதான். போர் வரலாறு இவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கேட்பது இரக்கத்தினால் மட்டுமன்று. இவர்களை விட்டுவிட்டால் போர் ஏன் அவ்வாறு நடந்தது என்பதே விளங்காமற் போகிறது.

பத்து இலட்சம் பேருக்கு யார் சோறிட்டார்?

தோப்பூர்ச் சமவெளியில் பத்து இலட்சம் வீரர் கூடியதாகப் பர்ராதாஸ் மடல் கூறுகிறது. தென்னிந்தியாவின் மாபெரும் போர்களுள் ஒன்று என இதனைப் போற்றுவோர் இந்த எண்ணையே எடுத்துக்காட்டுவர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று கொண்டால், பத்து இலட்சம் பேருக்கு நாள்தோறும் ஐந்து இலட்சம் கிலோ, அதாவது 500 டன் வேண்டும். ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் என்றால், ஒவ்வொரு நாளும் 5,000 மாடுகள் சுமையோடு பாளையத்துக்குள் வந்தாக வேண்டும். ஒரு திங்களுக்கு 15,000 டன். மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் யானைகளுக்கும் தீவனம் வேறு. கொச்சியில் அமர்ந்து கேள்விப்பட்டதை எழுதிய குருவானவரின் எண்ணை நாம் அப்படியே ஏற்க இயலாது. தரப்புக்கு ஓர் இலட்சம் என்று குறைத்துக்கொண்டாலும், நாளுக்கு 100 டன் அரிசியும் 1,000 பொதிமாடுகளும் தேவை.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது? காவிரிக்கரை உழவனின் குதிரிலிருந்து வந்திருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கினரா, பறித்துச் சென்றனரா, அடுத்த பருவத்துக்கான விதைநெல் தப்பியதா? இவற்றை ஆராயாத நூல், போரின் பாதியைத்தான் சொல்கிறது.

உணவே போரை முடிவு செய்யும் என்பதற்குச் செஞ்சியிலேயே தெளிவான சான்று உண்டு. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. 1692 - 93 குளிர்காலத்தில், மராத்தியக் குதிரைப்படை வெளியிலிருந்து வழிகளை அடைத்தது. முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு உள்ளாயினர். தானியம் அற்றுப்போய்ச் சுல்பிகார்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பீரங்கியால் ஆகாததைப் பசி செய்து முடித்தது. இன்று செஞ்சிக்குச் செல்வோர் கோட்டையின் களஞ்சியங்களைக் கண்டும் காணாமலும் கடந்து, கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்க்கின்றனர். அரண்மனையினும் அக்களஞ்சியங்கள் போரைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லும்.

உடைந்த அணை

தஞ்சை அவையில் இராமபத்திராம்பா என்னும் பெண்பாற் புலவர் இருந்தார். இரகுநாத நாயக்கரின் வெற்றிகளைப் புகழ்ந்து அவர் வடமொழியில் இயற்றிய காப்பியம் இரகுநாதாப்யுதயம். பகைவர் காவிரியின் அணையை உடைத்தனர் என்பது தஞ்சை மரபு தரும் செய்தி. வெற்றி பெற்றோர் தரப்பின் கூற்று என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் அணையை உடைத்தல் போர் உத்தியாகக் கருதப்பட்டது என்பதை அது காட்டுகிறது.

அணை உடைந்தால் வருந்துவது யார்? படைவீரன் பாளையத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் செல்வான். வயலைப் பெயர்க்க முடியாது. மதகு வழியாக வரவேண்டிய நீர் வராவிட்டால் அவ்வாண்டு நடவு இல்லை. நடவு இல்லையேல் நாற்று நடும் பெண்ணுக்குக் கூலி இல்லை. போர் முடிந்த நாளைக் களத்தில் மாண்ட தளபதியை வைத்துக் குறிக்கிறோம். உழவனைப் பொறுத்தவரை கால்வாயில் மீண்டும் நீர் வந்த நாளில்தான் போர் முடிகிறது. இந்த இரண்டாவது தேதியை எந்தப் போர் நூலும் தேடவில்லை.

கப்பலில் ஏற்றப்பட்டோர்

கிருஷ்ணப்ப நாயக்கரின் காலத்திலேயே ஒல்லாந்தர் செஞ்சிச் சீமையின் கடற்கரையில், இன்றைய கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய வந்துவிட்டனர். பழவேற்காட்டில் 1610 முதல் காலூன்றினர். அவர்கள் துணி வாங்க வந்தவர்கள். பஞ்சமும் போரும் கைகோத்த ஆண்டுகளில் மனிதரையும் வாங்கினர்.

அவர்களுடைய கணக்கேடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் தரும் எண்கள் நெஞ்சை உலுக்குபவை. 1622 - 23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 அடிமைகள் ஏற்றுமதியாயினர். 1642இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கனுக்கு எதிராகச் செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்குழப்பத்தை அடுத்து 1646இல் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, 2,118 பேர் அனுப்பப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் சோழமண்டலத்தின் தென்பகுதியினர். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சையைச் சூறையாடியதை அடுத்து, 1659 முதல் 1661 வரை 8,000 முதல் 10,000 பேர் விலைக்கு வாங்கப்பட்டு, பெரும்பாலும் இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

தோப்பூரில் மாண்டோரின் தொகையை நமக்கு எவரும் சரியாக எண்ணித் தரவில்லை. கப்பலில் ஏற்றப்பட்டோரின் தொகை மட்டும் ஒற்றை இலக்கம் வரை நமக்குக் கிடைக்கிறது. ஏனெனில் அவர்கள் விலைப்பொருளாகப் பதியப்பட்டனர். வாங்கியவன் கணக்கு வைத்தான். விற்கப்பட்டவனின் ஊர் அவனை மறந்தது. விற்ற கைகளுள் உள்ளூர்க் கைகளும் இருந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. வாங்கியவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

காய்ச்சல் என்னும் பகைவன்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கர்நாடக நவாபுகளின் இரு குடும்பங்கள் பட்டத்துக்காக மோதின. பிரெஞ்சுக்காரர் சந்தாசாகிபின் பக்கமும் ஆங்கிலேயர் முகமது அலியின் பக்கமும் நின்றனர். இதுவும் வெளியார் புகுந்து வளர்த்த உள்நாட்டுப் போரே. 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைக் கைப்பற்றியதைப் பிரெஞ்சு நூல்கள் வியந்து பேசுகின்றன.

அதன் பின் நிகழ்ந்ததை அதே அளவு பேசுவதில்லை. 1761 வரை அவர்கள் அக்கோட்டையை வைத்திருந்த காலத்தில் ஏறத்தாழ 1,200 ஐரோப்பிய வீரர் அங்கு இறந்தனர் என்பர். அவர்களுள் மிகப் பலரைக் கொன்றது எதிரியின் குண்டன்று, அவ்விடத்தின் நோய்தான். எங்கோ பிரெஞ்சு நாட்டுச் சிற்றூரில் பிறந்து, காரணம் அறியாத சண்டைக்காக வந்து, காய்ச்சலில் கண்மூடிய இளைஞர்களும் இவ்வரலாற்றின் பகுதியே. அவர்களோடு இருந்த உள்ளூர்ச் சிப்பாய்களில் எத்தனை பேர் நோயால் மாண்டனர் என்பதை அக்கணக்கு சொல்வதில்லை. இறப்பிலும் வேற்றுமை பாராட்டிய ஏடுகள் அவை.

உட்பகையின் விலை

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் பெரிய நிகழ்ச்சியின் பொருள் விளங்குகிறது. 1597இல் செஞ்சியைக் கண்ட நிக்கோலாஸ் பிமென்டா என்னும் இயேசு சபைக் குரு, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே பெரிது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லின் எந்த நகரினும் பெரிது என்றும் வியந்து எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின் அந்நகர் பிஜப்பூர்ப் படைக்கு முன் வீழ்ந்தது. ஏன்?

வெளியார் வலிமையையே காரணமாகக் காட்டும் நூல்கள் உண்டு. 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியைத் தொகுத்த புரோயென்சா அடிகள் 1659இல் எழுதிய மடல் வேறு செய்தி தருகிறது. செஞ்சிக்கு உதவ மதுரையிலிருந்து திருமலை நாயக்கரின் படை வந்தது. ஆனால் கோட்டைக்குள் கூடிய பல்வேறு படையினரிடையே ஒற்றுமை நிலைக்கவில்லை. உள்ளே எழுந்த பிணக்கே பகைவனுக்கு வழி திறந்தது. 1616இல் காவிரிக்கரையில் தொடங்கியது 1648இல் செஞ்சிக் கோட்டை வாயிலில் முடிந்தது எனலாம். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நாயக்கர்களும் பேரரசும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கத்தை இழந்திருந்தனர். மதில் எத்துணை உயரமாயினும் இழந்த நம்பிக்கையை அது ஈடு செய்யாது.

எதிர்ப்புரை ஒன்று

'போர் வரலாறு போரைப் பற்றிப் பேசட்டும். உழவர், பெண்டிர், நோயாளிகளின் கதையைச் சமூக வரலாறு பேசட்டும்' என்று கூறுவோர் உண்டு. நேர்மையான வாதமே. ஆனால் மேலே கண்ட ஒவ்வொன்றும் படைத்தலைவன் அறிந்தாக வேண்டிய செய்தியாகவே இருந்தது. சிறைக்குள் யார் நுழைகிறார் என்பதை ஜக்கராயன் கவனிக்கவில்லை, ஆட்டம் கைமாறியது. தானிய வழியைச் சுல்பிகார்கான் காக்கவில்லை, பின்வாங்கினார். களத்தில் நின்றவனுக்கு முதன்மையானதை நூல் எழுதுபவர் புறம்பானது என்று ஒதுக்குவது எங்ஙனம் பொருந்தும்?

மற்றுமொரு காரணமும் உண்டு. வெற்றி தோல்வி மட்டும் சொல்லும் நூலைப் படிக்கும் மாணவன், போரை ஒரு விளையாட்டாகக் கருதப் பழகுகிறான். நம் காலத்திலேயே, பாக்கு நீரிணைக்கு அப்பால் 1983 முதல் 2009 வரை நடந்த போரை நாம் அறிவோம். அகதியாக வந்தோரை நம் ஊர்களில் கண்டோம். காணாமற் போனோரின் அன்னையர் படங்களை ஏந்தி நின்றதைச் செய்தித்தாள்களில் கண்டோம். அப்போரைப் பற்றி நாளை எழுதப்படும் நூல்கள் படையணிகளின் பெயர்களையும் கைப்பற்றிய நகரங்களையும் மட்டும் வரிசைப்படுத்தினால் நாம் ஒப்புவோமா? ஒப்போம் எனில், நானூறு ஆண்டுகளுக்கு முந்தியோர்க்கும் அதே நீதியை வழங்குதல் வேண்டும்.

செய்யத்தக்கது

சான்றுகள் இல்லையே என்று கைவிரிக்க வேண்டுவதில்லை. இயேசு சபையாரின் ஆண்டு மடல்கள் உள்ளன. ஒல்லாந்தர் கணக்கேடுகள் உள்ளன. கோயிற் கல்வெட்டுகளும் நாட்டார் பாடல்களும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு உண்டு. மறைப்பணியாளர் ஐரோப்பாவிலிருந்த தம் மேலாளர்க்கு எழுதினர். வணிகர் தம் முதலாளிக்கு எழுதினர். புலவர் தம் புரவலருக்கு எழுதினர். ஒன்றை மற்றொன்றோடு உரைத்துப் பார்த்தால் மறைந்துபோன மனிதரின் சுவடு சிறிதேனும் தென்படும்.

உலக மரபுச் சின்னம் என்ற தகுதி பெற்ற செஞ்சியில் இனி அறிவிப்புப் பலகைகள் பெருகும். வழிகாட்டி நூல்கள் வரும். பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளில் வந்து இறங்குவர். ஒரு பலகையிலேனும் களஞ்சியத்தை நிரப்பியவர் யார் என்று எழுதலாம். தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஏற்றப்பட்டோரை ஒரு வரியில் குறிக்கலாம். தோப்பூர்ப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர், 'அந்தத் துணி மூட்டையைச் சுமந்தவர் எதற்காக அத்துணை இடருக்குத் துணிந்தார்?' என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பலாம். ஆணைக்கு அஞ்சியா, கூலிக்காகவா, அல்லது ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தா? விடை நமக்குக் கிட்டப்போவதில்லை. ஆயினும் அக்கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், அடுத்த முறை ஒரு போர்ச் செய்தியைப் படிக்கும்போது, வென்றவர் யார் என்பதோடு நின்றுவிட மாட்டார்கள்.